மானசரோவர் பாதையில் ‘திரும்பிப் போ’ எனச் சொல்வது யார்?

புது தில்லி:

கயிலை மலையையும் மானசரோவர் ஏரியையும் காணப் புறப்படும் யாத்ரிகர், வெளியுறவு அமைச்சகத்தின் ஏற்பாட்டில் செல்வதாயின், தில்லியை விட்டுக் கிளம்பும் முன் மூன்று படிவங்களில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். வழியில் எது நேர்ந்தாலும் அரசைப் பொறுப்பாக்குவதில்லை என்பது முதல் படிவம். உடல்நிலை மோசமாகி ஹெலிகாப்டரில் மீட்க நேர்ந்தால் அதற்கு உடன்படுவதாக உறுதி கூறுவது இரண்டாவது. சீன எல்லைக்குள் உயிர் பிரிந்தால் உடலை அங்கேயே தகனம் செய்யச் சம்மதம் தெரிவிப்பது மூன்றாவது. எந்தச் சுற்றுலா விண்ணப்பத்திலும் எளிதில் காணக்கிடைக்காத இந்த மூன்றாவது படிவமே, போகவிருக்கும் இடம் எத்தகையது என்பதை உணர்த்திவிடுகிறது.

திபெத்தின் தென்மேற்கு மூலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,590 மீட்டர், அதாவது 15 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது மானசரோவர். பரப்பளவு சுமார் 410 சதுர கிலோமீட்டர். இவ்வளவு உயரத்தில் இவ்வளவு பெரிய நன்னீர் ஏரி உலகில் மிக அரிது. இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், திபெத்தின் தொன்மையான பொன் சமயத்தவர் ஆகிய நான்கு தரப்பினருக்கும் இப்பகுதி புனிதமானது.

கொரோனா நோய்த்தொற்றாலும், அதைத் தொடர்ந்து லடாக்கில் ஏற்பட்ட எல்லை மோதலாலும் 2020 முதல் 2024 வரை ஐந்து ஆண்டுகள் நின்றுபோயிருந்த அரசு யாத்திரை, 2025 ஜூனில் மீண்டும் தொடங்கியது. பாதை திறந்தது குறித்து மகிழ்ச்சி தெரிவிக்கும் குரல்களுக்குக் குறைவில்லை. ஆனால் அரசின் பட்டியலில் இடம் கிடைக்காமல், நேபாளம் வழியாகத் தனியார் ஏற்பாட்டில் செல்வோரின் பாதுகாப்பு யாருடைய பொறுப்பு என்ற கேள்வி, யாத்திரை நின்றபோது இருந்த இடத்திலேயே இன்றும் நிற்கிறது. அவர்களில் தமிழகம் உள்ளிட்ட தென் மாநிலத்தவர் கணிசமானோர் என்பதால், தமிழர்கள் இக்கேள்வியைக் கடந்துபோக இயலாது.

காளஹஸ்தியில் தொடங்கும் பாதை

தமிழருக்கும் கயிலைக்குமான தொடர்பு நேற்றுத் தொடங்கியதன்று. தலையால் நடந்து கயிலை சென்றதாகக் காரைக்கால் அம்மையார் வரலாறு கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருநாவுக்கரசர், பொன்முகலி ஆற்றங்கரையில் உள்ள காளஹஸ்தியை வழிபட்டபோதுதான் வடகயிலையைக் காணும் விருப்பம் கொண்டு, ஸ்ரீசைலம், கன்னட நாடு, மாளவம், காசி வழியாக நடந்து சென்றார் என்கிறது பெரியபுராணம். ‘தென்கயிலாயம்’ எனப்படும் காளஹஸ்தியிலிருந்தபடியே வடகயிலையைப் பாடியவர் திருஞானசம்பந்தர்.

காளஹஸ்திக்குத் தென்கிழக்கே, தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது வரதய்யபாளையம். சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த மண்டலம், 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. சென்னை இளைஞர்கள் ‘தடா அருவி’ என்று அழைக்கும் உப்பலமடுகு அருவி இந்த மண்டலத்து மலைக்காட்டில்தான் இருக்கிறது. காலையில் கிளம்பி, காட்டுப் பாதையில் நடந்து, சுனையில் குளித்து, இரவுக்குள் சென்னை திரும்பிவிடலாம். மலை மீது நீரைத் தேடிச் செல்லும் பயணம் என்பதில் அருவியும் மானசரோவரும் ஒன்றே. இடையில் இருக்கும் வேறுபாடு, வெறும் தூரமும் உயரமும் மட்டுமன்று.

1960 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆந்திர, சென்னை மாநிலங்களுக்கிடையே எல்லை மாற்றியமைக்கப்பட்டது. திருத்தணி தமிழகத்துடன் சேர்ந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த சில பகுதிகள் ஆந்திரத்துடன் சேர்ந்தன. அதற்காக இரு தரப்பிலும் கிளர்ச்சிகள் நடந்தன. நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆனால் கோடு இடம் மாறிய மறுநாளும் தமிழர் காளஹஸ்திக்குச் சென்றனர். ஆந்திரர் திருத்தணிக்கு வந்தனர். ஒரு நாட்டுக்குள் எல்லை மாறினால் பாதை மூடப்படுவதில்லை. இரு நாடுகளுக்கிடையே எல்லை குறித்துக் கருத்து வேறுபட்டாலே மூடப்பட்டுவிடுகிறது. மானசரோவர் பாதையின் வரலாறு அதைத்தான் சொல்கிறது.

ஒப்பந்தமும் பூட்டும்

1954 ஏப்ரல் 29-ஆம் தேதி பெய்ஜிங்கில் கையெழுத்தான இந்திய-சீன ஒப்பந்தம், ‘பஞ்சசீலம்’ என்ற பெயராலேயே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. உண்மையில் அது திபெத்துடனான வணிகம், போக்குவரத்து குறித்த ஒப்பந்தம். இந்திய யாத்ரிகர்கள் கயிலைக்கும் மானசரோவருக்கும் வழக்கப்படி செல்லலாம் என்பது அதில் வெளிப்படையாகவே இடம்பெற்றிருந்தது. ஷிப்கி லா, மானா, நிதி, குங்ரி பிங்ரி, தர்மா, லிபுலேக் ஆகிய ஆறு கணவாய்களின் பெயர்களும் அதில் உள்ளன. எட்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லுபடியாகும் அந்த ஒப்பந்தம் 1962-இல் காலாவதியானது. அவ்வாண்டு அக்டோபரில் போர் மூண்டது. கணவாய்கள் அனைத்தும் மூடப்பட்டன.

பாதை மீண்டும் திறக்க 19 ஆண்டுகள் ஆயின. அதில் ஒரு தமிழருக்கும் பங்கு உண்டு. ஜனதா கட்சியின் மக்களவை உறுப்பினராக இருந்த சுப்பிரமணியன் சுவாமி, 1981 ஏப்ரலில் பெய்ஜிங்கில் சீனத் தலைவர் டெங் சியாவோபிங்கைச் சந்தித்தபோது இக்கோரிக்கையை முன்வைத்தார். ஜூன் மாதம் சீன வெளியுறவு அமைச்சர் ஹுவாங் ஹுவா தில்லி வந்தபோது சீனாவின் இசைவு உறுதியானது. அவ்வாண்டே உத்தரப் பிரதேசத்தின் (இன்றைய உத்தரகண்ட்) லிபுலேக் கணவாய் வழியே முதல் அணி புறப்பட்டது. சுவாமியும் அதில் சென்றார்.

அதன் பிறகும் பாதை தடையின்றித் திறந்திருக்கவில்லை. சிக்கிமின் நாது லா கணவாய் வழியாக இரண்டாவது பாதை 2015-இல் திறக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 2017 ஜூனில் டோக்லாம் பீடபூமியில் இரு நாட்டுப் படைகளும் எதிரெதிரே நின்றபோது, நாது லா வரை சென்ற யாத்ரிகர்களை உள்ளே விடச் சீனா மறுத்தது. மறு ஆண்டு திறந்தது. 2020-இல் நோய்த்தொற்று. அவ்வாண்டு ஜூன் 15-ஆம் தேதி கல்வான் பள்ளத்தாக்கில் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி உள்பட 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். அதன் பிறகு, நோய்த்தொற்று தணிந்தும் பாதை திறக்கப்படவில்லை.

2024 அக்டோபரில் எல்லை ரோந்து குறித்த உடன்பாடு எட்டப்பட்டு, ரஷியாவின் கஸான் நகரில் பிரதமர் நரேந்திர மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்த பிறகே கதவு அசைந்தது. 2025 ஜனவரியில் வெளியுறவுச் செயலரின் பெய்ஜிங் பயணத்தின்போது யாத்திரையைத் தொடங்க முடிவானது. ஜூன் 20-ஆம் தேதி நாது லா வழியாக முதல் அணி எல்லையைக் கடந்தது.

பேச்சுவார்த்தை முறியும்போது முதலில் மூடப்படுவதும், உறவு சீராகும்போது நல்லெண்ண அடையாளமாக முதலில் திறக்கப்படுவதும் இந்தப் பாதையே. இரு தலைநகர்களின் உறவு வெப்பத்தை அளக்கும் கருவியாக யாத்ரிகர் மாறிவிட்டார். லிபுலேக் விஷயத்தில் மூன்றாவது தலைநகரமும் உண்டு. 2020 மே மாதம் தார்ச்சூலாவிலிருந்து லிபுலேக் நோக்கிச் செல்லும் சாலையைப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் திறந்துவைத்தபோது, அப்பகுதிக்கு உரிமை கோரும் நேபாளம் எதிர்ப்புத் தெரிவித்துப் புதிய வரைபடத்தையே வெளியிட்டது. லிபுலேக் வழியே எல்லை வணிகத்தை மீண்டும் தொடங்க 2025 ஆகஸ்டில் இந்தியாவும் சீனாவும் இசைந்தபோதும் காத்மாண்டு ஆட்சேபித்தது.

ஏழு பேரில் ஒருவர்

2025-ஆம் ஆண்டு யாத்திரைக்கு இணையம் வழியே 5,561 பேர் விண்ணப்பித்தனர். கணினிக் குலுக்கலில் தேர்வானோர் 750 பேர். லிபுலேக் வழியே ஐந்து அணிகள், நாது லா வழியே பத்து அணிகள், அணிக்கு 50 பேர் என்பது ஏற்பாடு. ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கே வாய்ப்பு. 2018-இல் லிபுலேக் வழியே 60 பேர் கொண்ட 18 அணிகளும், நாது லா வழியே 50 பேர் கொண்ட 10 அணிகளும் அறிவிக்கப்பட்டிருந்தன. மொத்தம் 1,580 பேர். மீண்டும் திறக்கப்பட்ட கதவு முன்பிருந்ததில் பாதி அகலம்கூட இல்லை.

வயது 18 முதல் 70-க்குள் இருக்க வேண்டும். உயரத்துக்கு ஏற்ற உடல் எடையைக் குறிக்கும் குறியீட்டெண் 25-ஐத் தாண்டக் கூடாது. லிபுலேக் வழிப் பயணத்துக்கு 22 நாள்கள், சுமார் ரூ. 1.74 லட்சம், நாது லா வழிக்கு 21 நாள்கள், சுமார் ரூ. 2.83 லட்சம் ஆகும் என 2025-இல் அமைச்சகம் மதிப்பிட்டது. யாத்ரிகர்களுக்கு மத்திய அரசு நேரடி மானியம் தருவதில்லை. மாநில அரசுகள் தத்தம் விருப்பப்படி தருகின்றன. தமிழகத்தில் 2012-இல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்த திட்டத்தின்படி தொடக்கத்தில் ரூ. 40,000 வழங்கப்பட்டது, பின்னர் அது ரூ. 50,000 ஆக உயர்த்தப்பட்டது. உத்தரப் பிரதேச அரசு ரூ. 1 லட்சம் வழங்குகிறது. ஒரே ஏரி, ஒரே அணி. ஆனால் எந்த மாநிலத்தில் குடியிருப்பவர் என்பதைப் பொறுத்துச் சுமை மாறுகிறது.

உயரம் கேட்கும் விலை

பணத்தைவிடக் கடினமான கட்டணத்தை உடல் செலுத்த வேண்டியிருக்கிறது. மானசரோவர் கரையில் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குக்கும் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அதே அளவுக்குக் குறைந்துவிடும். கயிலையை வலம் வரும் 52 கிலோமீட்டர் பாதையில் கடக்க வேண்டிய டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேல்; அங்கே கிடைப்பது பாதிதான். பழவேற்காடு ஏரிக்கரையிலும் சென்னையிலும் கடல் மட்டத்தில் வளர்ந்த உடலுக்கு இது முற்றிலும் அயலான சூழல்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும் உயர மலை நோய், கவனிக்கப்படாவிட்டால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிரைப் பறிக்கும். உடல் வலிமையோ, தினமும் நடைப்பயிற்சி செய்த பழக்கமோ இதிலிருந்து காப்பாற்றாது. மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனால், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாள்களுக்கு ஒரு முறை ஓய்வு வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் விதி. நோய் முற்றத் தொடங்கினால் நம்பத்தக்க மருந்து ஒன்றே ஒன்று: கீழே இறங்குவது.

அரசு யாத்திரையின் அமைப்பு இந்த விதியை ஒட்டியே இருக்கிறது. தில்லியில் இதய, நுரையீரல் பரிசோதனைகள். அவற்றின் முடிவுகளை இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் மருத்துவர்கள் ஆராய்கின்றனர். பிறகு தார்ச்சூலா வழியாகச் சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் உள்ள குஞ்ஜியில் உடலைப் பழக்கப்படுத்த ஓய்வு. அங்கே மீண்டும் ஒரு பரிசோதனை. நாது லா வழியிலும் சிக்கிம் எல்லைக்குள் இத்தகைய ஓய்வு முகாம்கள் உண்டு. குஞ்ஜியில் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லை என்று தெரிந்தால், எல்லை அருகே வந்துவிட்ட பின்னரும் யாத்ரிகர் திருப்பி அனுப்பப்படுவார். செலவழித்த பணமும் எடுத்த விடுப்பும் வீணாகும். கண்ணீர்விட்டு மன்றாடினாலும் மருத்துவரின் முடிவே இறுதியானது.

இந்த ஏற்பாடு எல்லா ஆபத்தையும் விலக்கிவிடவில்லை. 1998 ஆகஸ்டில் காளி ஆற்றங்கரையில் உள்ள மால்பா என்ற இடத்தில் நள்ளிரவில் மலை சரிந்து 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் நாட்டியக் கலைஞர் புரோதிமா பேடி உள்பட சுமார் 60 பேர் மானசரோவர் யாத்ரிகர்கள். ஆனால் அன்று யார் யார் அங்கே தங்கியிருந்தனர் என்பதற்கு அரசிடம் ஒரு பட்டியல் இருந்தது.

பட்டியலுக்கு வெளியே

குலுக்கலில் பெயர் வராதவர்கள், வயதோ எடையோ தகுதி வரம்பைத் தாண்டியவர்கள், மூன்று வாரம் விடுப்பு கிடைக்காதவர்கள் ஆகியோருக்கு இருக்கும் வழி நேபாளம். உத்தரப் பிரதேச எல்லையை ஒட்டிய நேபாள்கஞ்ச் சமவெளி நகரம். அங்கிருந்து சிறு விமானத்தில் ஏறினால், சுமார் 2,900 மீட்டர் உயரத்தில் மலையைச் செதுக்கி அமைத்த சிமிகோட் ஓடுதளம். அங்கிருந்து ஹெலிகாப்டரில் எல்லைக் கிராமமான ஹில்சா. ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் திபெத், தக்லாகோட் நகரம், அடுத்து ஏரி. நடந்து சென்ற காலத்தில் வாரக்கணக்கில் உடல் பழகிய உயரத்தை, ஹெலிகாப்டர் நிமிடங்களில் கடந்துவிடுகிறது. உடல் அந்த வேகத்தில் பின்தொடர்வதில்லை.

இந்த வழியில் எத்தனை பேர் செல்கின்றனர் என்பதைக் காட்டியது 2018 ஜூலை. மழையும் மேகமும் விமானங்களை முடக்கின. சிமிகோட்டில் 525 பேர், ஹில்சாவில் 550 பேர், திபெத் பகுதியில் சுமார் 500 பேர் என இந்தியர்கள் சிக்கித் தவிப்பதாக அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் தெரிவித்தார். மூன்றையும் கூட்டினால் 1,575. அவ்வாண்டு முழுமைக்கும் அரசு யாத்திரைக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 1,580. ஆண்டு முழுவதும் அரசு அழைத்துச் செல்லத் திட்டமிட்ட அதே அளவு மக்கள், ஒரு வார மோசமான வானிலையில், அரசின் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் மலையில் மாட்டிக்கொண்டிருந்தனர்.

காத்மாண்டுவில் உள்ள இந்தியத் தூதரகம் அப்போது அவசரத் தொலைபேசி எண்களை அறிவித்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழிகளுக்கும் தனித்தனியே ஆள்கள் நியமிக்கப்பட்டனர். சிக்கியவர்களில் பெரும்பாலோர் எங்கிருந்து வந்தவர்கள் என்பதை அந்த எண்களே சொல்லிவிட்டன. வானிலை தெளிந்த சிறு இடைவெளிகளில் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் பறந்து அவர்களைக் கீழே கொண்டுவந்தன. சிலர் உயிரோடு திரும்பவில்லை. ஹில்சாவிலும் சிமிகோட்டிலும் மருத்துவ வசதி மிகக் குறைவு, கூடுதல் நாள்களுக்கான மருந்துகளை உடன் கொண்டுசெல்லுங்கள் என்று தூதரகம் பின்னர் அறிவுரை வெளியிட்டது. அறிவுரையைப் பின்பற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் எவருக்கும் இல்லை.

பிற வழிகளும் நிலையற்றவையே. 2015 ஏப்ரல் நிலநடுக்கம் காத்மாண்டு-கோடாரி சாலையை முடக்கியபோது, வாகனங்கள் ராசுவாகடி எல்லைக்கு மாறின. 2025 ஜூலை 8-ஆம் தேதி அதிகாலையில் திடீர் வெள்ளம் ராசுவாகடியில் இரு நாடுகளையும் இணைத்த நட்புறவுப் பாலத்தையே அடித்துச் சென்றது. இந்திய எல்லைக்குள்ளும் நிலைமை அப்படியே. 2024 செப்டம்பரில், குஞ்ஜி பாதையில் உள்ள ஆதி கயிலாயத்துக்குச் சிதம்பரத்திலிருந்து சென்ற 30 பேர், நிலச்சரிவால் சாலை துண்டிக்கப்பட்டு நடுவழியில் சிக்கினர். மாநில அரசுகள் பேசி, ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது.

ஏரிக்கரையில்

இத்தனைக்கும் பிறகு அங்கே சென்று சேருபவர் காண்பது என்ன? தெற்கே 7,694 மீட்டர் உயர குர்லா மாந்தாதா. வடக்கே, வேறெந்தச் சிகரத்தோடும் ஒட்டாமல் தனித்து நிற்கும் 6,638 மீட்டர் கயிலை. நடுவே ஏறத்தாழ வட்டமாக விரிந்திருக்கும் நீர்ப்பரப்பு. சுற்றளவு சுமார் 88 கிலோமீட்டர். வெயிலும் மேகமும் மாறும்தோறும் நீரின் நிறம் மாறுகிறது. மரம் என்று ஒன்று கண்ணுக்கெட்டிய தொலைவுவரை இல்லை. மேற்கே சிறு நிலத்திட்டுக்கு அப்பால் உப்புத்தன்மை கொண்ட ராட்சசத் தால். சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா, கங்கையில் கலக்கும் கர்ணாலி ஆகிய ஆறுகள் இந்த வட்டாரத்திலேயே பிறக்கின்றன.

டிசம்பர் இறுதியில் உறையத் தொடங்கும் ஏரி மே மாதத்தில்தான் உருகுகிறது. இந்த ஏரியின் பனிக்காலத்தை நாள்தோறும் கவனித்துப் பதிவு செய்தவர் ஆந்திரத்தின் கிழக்கு கோதாவரிப் பகுதியில் பிறந்த சுவாமி பிரணவானந்தர். 1928-இல் முதன்முறை சென்ற அவர், 1936-37-இல் ஏரிக்கரை மடத்திலேயே தங்கி ஆய்வு செய்தார். 1949-இல் வெளிவந்த அவரது நூலுக்கு ஜவாஹர்லால் நேரு முன்னுரை எழுதினார். மகாத்மா காந்தியின் அஸ்தியின் ஒரு பகுதி 1948-இல் இந்த ஏரியில் கரைக்கப்பட்டது. அன்று அதற்குத் தடை ஏதும் இருக்கவில்லை.

இன்று நீராடுவதற்கே கட்டுப்பாடு. 2018 மே மாதத்தில், ஏரியில் குளிக்க அனுமதிக்கவில்லை என்று யாத்ரிகர்கள் சிலர் புகார் கூறியபோது, குறிப்பிட்ட இடத்தில் மட்டுமே நீராடலாம், நினைத்த இடத்தில் இறங்க முடியாது என்று சுஷ்மா ஸ்வராஜ் விளக்கமளித்தார். இந்த ஏரியை நேரில் காண முடியாதோருக்கு மாற்று வழிகளும் தேடப்படுகின்றன. 2024 ஜனவரியில் 38 இந்தியர்கள் நேபாள்கஞ்சிலிருந்து தனி விமானத்தில் பறந்து வானிலிருந்தே தரிசித்துத் திரும்பினர். அவ்வாண்டு அக்டோபரில், இந்திய எல்லைக்குள் பழைய லிபுலேக் உச்சியிலிருந்து கயிலையைக் காணும் ஏற்பாட்டை உத்தரகண்ட் அரசு தொடங்கியது.

வழி இல்லாமல் இல்லை

நேபாள வழியே செல்வதைத் தடை செய்வது தீர்வாகாது. அண்டை நாட்டுக்குச் செல்ல இந்தியருக்கு விசா தேவையில்லை. பக்தியைக் குலுக்கலில் அடைக்கவும் முடியாது. ஆனால் அழைத்துச் செல்பவரைப் பொறுப்பாக்க முடியும். அதற்கு முன்மாதிரி இந்தியாவிலேயே இருக்கிறது. ஹஜ் பயணத்தை ஏற்பாடு செய்யும் தனியார் நிறுவனங்கள் மத்திய அரசிடம் பதிவு செய்து, யாத்ரிகர் ஒதுக்கீடு பெற்ற பிறகே பயணிகளை அழைத்துச் செல்ல முடியும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்களுக்கு 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு கட்டாயம். மானசரோவருக்கு நேபாளம் வழியே அழைத்துச் செல்வோர் இத்தகைய ஒதுக்கீட்டு ஏற்பாட்டுக்குள் வரவில்லை.

பயணி எப்போது, எந்த வழியாகச் செல்கிறார் என்ற பதிவு, உடலைப் பழக்கப்படுத்தும் ஓய்வு நாள்களைப் பயணத் திட்டத்தில் கட்டாயமாக்குவது, ஹெலிகாப்டர் மீட்பை உள்ளடக்கிய காப்பீடு ஆகிய மூன்றும் பெரும் செலவு பிடிக்கும் ஏற்பாடுகள் அல்ல. மானியம் தரும் மாநில அரசுகள், அதற்கான நிபந்தனையாகவே இவற்றை வைக்க முடியும். தமிழகத்தில் விண்ணப்பங்களைப் பெறும் அறநிலையத் துறை, உயர மலை நோய் குறித்துத் தமிழில் ஒரு சிறு கையேட்டையும், புறப்படும் முன் ஒரு மருத்துவ முகாமையும் சேர்த்துத் தருவது கடினமன்று. அதே நேரத்தில், அரசு யாத்திரைக்கான இடங்களை 2018-இல் இருந்த அளவுக்காவது உயர்த்துமாறு பெய்ஜிங்கிடம் வலியுறுத்துவது தில்லியின் கடமை. பட்டியலுக்குள் வருவோர் கூடும்தோறும், பட்டியலுக்கு வெளியே தவிப்போர் குறைவர்.

முதிர்ந்த வயதில் கயிலைக்குப் புறப்பட்ட திருநாவுக்கரசரின் வரலாற்றை இங்கே நினைவுகூரலாம். நடந்து கால்கள் தேய்ந்தன, தவழ்ந்தார், உருண்டார். உடல் சிதைந்து வழியில் கிடந்தவர் முன் முனிவர் ஒருவர் தோன்றி, மனித உடலோடு அங்கே போவது இயலாது, திரும்பிச் செல்க என்றார். காணாமல் திரும்பேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். பின்னர் இறைவன் ஆணைப்படி அங்கிருந்த பொய்கையில் மூழ்கி, திருவையாற்றுக் குளத்தில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி கண்டார் என்பது புராணம். ஆடி அமாவாசை தோறும் திருவையாற்றில் அந்தக் காட்சி விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

திரும்பி வந்தவரை அந்த விழா தோற்றவராகக் கருதவில்லை. குஞ்ஜி முகாமில் மருத்துவர் திருப்பி அனுப்பும் யாத்ரிகர், அன்று மனம் உடைந்தாலும், ஊர் திரும்பிவிடுகிறார். ஹில்சாவில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கி, தலையைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்காரும் சென்னைக்காரரிடமோ காளஹஸ்திக்காரரிடமோ அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை.